ஒன்றுக்குப் பத்தொன்பது

தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு வகை மூட்டம் பழக்கம். ஒன்று, ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து இறங்கி வருகிற சாரல். அதை மழை என்று சொல்ல முடியாது. குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காமல் பத்து நிமிடம் நடந்தால் சட்டை நனைந்திருக்கும். இன்னொன்று, ஊரில் காய்ச்சல் தொடங்கியதும் நகராட்சி ஆட்கள் தோளில் மாட்டிக்கொண்டு வரும் இயந்திரத்திலிருந்து கிளம்புவது. டீசல் நாற்றமும் காதை அடைக்கிற சத்தமுமாக, தெருவையே வெள்ளையாக மூடிவிடும். முன்னதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் காசு செலவழித்து வருகிறார்கள். பின்னதின் பின்னால் பிள்ளைகள் ஓடுகிறார்கள். வாசலில் நிற்கிற பெரியவர்களோ, "அண்ணாச்சி, இங்கிட்டு இன்னும் கொஞ்சம் அடிச்சிட்டுப் போங்க" என்று கேட்கிறார்கள்.

இந்த 'இன்னும் கொஞ்சம்' நெடுநாளாக என்னை உறுத்துகிறது. அந்த வெள்ளைப் புகையில் நாம் பார்ப்பது மருந்தை இல்லை. இயந்திரத்தின் சூடான குழாய்க்குள் எண்ணெய் ஆவியாகிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் மறுபடி நுண்துளிகளாகிறது. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை அந்த எண்ணெய்த் துளிகள்தான். இருபது பங்கில் பத்தொன்பது பங்கு அது. கொசுவைக் கொல்கிற வேலை மிச்சமிருக்கும் ஒரு பங்குடையது, அதைப் பார்த்து யாரும் நிம்மதி அடைய முடியாது. புகையைக் கூட்டச் சொன்னால் தெருவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் டீசல்.

2012 கோடையில் கடையநல்லூரில் டெங்கு பரவியபோது இந்தக் கணக்கு எங்கள் பக்கத்து வாழ்க்கைக்குள் நேராக நுழைந்தது. அன்றைக்குக் கடையநல்லூர் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்றுதான். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் கடையநல்லூர் ஒன்று. வெளியிலிருந்து சுகாதாரப் பணியாளர்கள் வந்து இறங்கினார்கள். நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்த் தொட்டிகளைப் பார்த்தார்கள். புகையும் அடித்தார்கள்.

அந்தப் புகைக்கு மருந்து கலக்கிற முறையைக் கவனியுங்கள். வீட்டுக்குள் தெளிக்கப் பைரித்ரம் சாறு, செவ்வந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுப்பது. கேனில் அது 2 சதவீதமாக வரும். ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் 0.1 சதவீதம். தெருவில் புகையாக அடிக்க மாலத்தியான். அது கேனில் ஏறக்குறைய முழு வீரியத்தோடு வருவது. அதற்கும் ஒன்றுக்குப் பத்தொன்பதுதான், இம்முறை டீசல். கிடைப்பது சுமார் 5 சதவீதம்.

அதே குவளை, அதே எண்ணிக்கை, ஐம்பது மடங்கு வித்தியாசம். கேன் மாறிப் போனால் கலக்குகிறவர் கணக்கில் ஒரு பிழையும் இருக்காது, வீட்டுக்குள் மட்டும் தெருவுக்கான மருந்து புகுந்திருக்கும். விகிதத்தை மனப்பாடம் செய்துவிட்டதால் அளவு தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். கேனுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதவரை 'ஒன்றுக்குப் பத்தொன்பது' என்பது வெறும் எண்.

கிருமிநாசினிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம், 10 சதவீதம், 12 சதவீதம் என்று வெவ்வேறு வீரியத்தில் விற்கிறது. வெயிலும் சூடும் பட்டால் தானாகவே வலுவிழக்கும். சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகையில் சில வாரம் கிடந்த கேன், லேபிளில் எழுதியிருக்கிற சரக்காக இருக்காது. பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஒரு லிட்டருக்கு 30 கிராம் போட்டால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். வாய் கட்டாத மூட்டையில் ஈரம் ஏறிக் கட்டியான பவுடரை அதே 30 கிராம் போட்டால் கிடைப்பது ஏதோ ஒரு வெள்ளைத் தண்ணீர். சுவரில் ஒட்டியிருக்கிற கலவை அட்டவணைக்குக் கேனின் வயது தெரியாது. அது தெரிய வேண்டியது கலக்குகிற ஆளுக்கு.

காற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்க் காற்று சாதாரணக் காற்று கிடையாது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது எதற்காக? கணவாய் வழி வருகிற அந்த வேகத்துக்காகத்தான். புகை அடிக்க அமைதியான காற்று வேண்டும், தரை குளிர்ந்திருக்கிற விடியலோ அந்தியோ வேண்டும். அப்போதுதான் புகை தரையை ஒட்டி நிற்கும். சாரல் காலத்தில் அடித்த புகை நம் வாசலில் நிற்பதற்குள் அடுத்த தெருவைத் தாண்டியிருக்கும். டெங்குக் கொசுவோ, புகை போகிற நேரத்தில் கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்குகிற துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். பறக்கிற கொசுவைத்தான் புகை கொல்லும். தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிற முட்டைக்கு அது ஒன்றும் செய்யாது. இவ்வளவும் சுகாதாரத் துறைக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அடிக்கிறார்கள், அடிக்காவிட்டால் நாம் சும்மா விடமாட்டோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

எட்டு ஆண்டு கழித்து வந்த இன்னொரு பயம், கொரோனா, இதைப் பெரிய திரையில் காட்டியது. தென்காசி மாவட்டம் பிறந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, ஊரடங்கு வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் புளியங்குடியில் தெருக்களைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த ஆண்டுச் சீசனில் குற்றாலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டியது, குளிக்க ஆள் கிடையாது. தமிழ்நாடு முழுக்கத் தீயணைப்பு வண்டிகள் சாலைகளில் ஹைப்போகுளோரைட்டைப் பீய்ச்சின. ஏப்ரல் 1 அன்று திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் ஒரு கிருமிநாசினிச் சுரங்கம் திறந்தார்கள். கையை உயர்த்திக்கொண்டு சில நொடிகள் நடந்தால் மேலே பனிபோல் கரைசல் விழும். பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். சில நாளில் ஊர் ஊராக அது முளைத்தது.

அந்தச் சுரங்கத்துக்கு எந்த வீரியத்தில் கலப்பது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்காத அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால், நாலு நொடியில் அது எந்தக் கிருமியையும் கொல்லாது. கொல்கிற அளவுக்குக் கெட்டியாக வைத்தால் மனிதர் தாங்க மாட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு சரியான புள்ளி இருக்கும் என்று நம்புவதுதான் நம் வழக்கம். அங்கே அப்படி ஒரு புள்ளியே கிடையாது.

தரைக்கு ஏற்ற அளவு காற்றுக்கு ஏற்காது என்பதும் இதே விஷயத்தின் இன்னொரு பக்கம். 1 சதவீதக் கரைசலில் துணியை நனைத்துத் தரையைத் துடைத்தால் அது தரையில் கிடக்கும், சில நிமிடம் ஈரமாக நின்று வேலை பார்க்கும். அதையே இயந்திரத்தில் ஊற்றிப் பனியாக்கினால் என்ன ஆகும்? குற்றாலத்துச் சாரல் துளி, புகை இயந்திரத்துத் துளியைவிடப் பல மடங்கு பெரியது. சாரல் கீழே விழும். இது விழாமல் மிதக்கும். மிதப்பதில் மிக நுண்ணியவை நுரையீரலின் அடிவரை போகும். மேசைக்கு அடியில், கைப்பிடிக்குப் பின்னால் இருக்கிற அழுக்கைத் தொடாமல் நம் மூச்சைத் தொட்டுவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே, அறைகளுக்குள் இப்படிப் பனியாக அடிப்பதைப் பரிந்துரைப்பதில்லை என்றும், மனிதர்மேல் அடிப்பது எந்தச் சூழலிலும் கூடாது என்றும் எழுதியது. அதற்கு முன்பே, ஏப்ரலிலேயே, தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறை சுரங்கங்களை நிறுத்தச் சொன்னது, மத்திய அரசும் வேண்டாம் என்றது. ஆனாலும் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 நவம்பர் 5 அன்று தடைக்கு உத்தரவு வாங்க வேண்டியிருந்தது.

நவம்பர் வரை ஏன் ஆனது என்பதுதான் என் கேள்வி. வேதியியல் பள்ளிப்பாட அளவுக்கு எளியது. அதற்கு ஏழு மாதம் தேவையில்லை.

விடையின் ஒரு துண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடக்கிறது. ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் 1867-இல் கார்பாலிக் அமிலத்தால் காயங்கள் சீழ் பிடிப்பதைத் தடுத்துக் காட்டினார். மருத்துவ வரலாற்றையே திருப்பிய காரியம் அது. சில ஆண்டில் அவர் ஒரு படி மேலே போனார். கிருமி காற்றில் இருக்கிறது, காற்றையே கழுவுவோம் என்று ஒரு தெளிப்பான் செய்து, அறுவை நடக்கும்போதே நோயாளிமேலும் மருத்துவர்மேலும் கார்பாலிக் பனியை விழச் செய்தார். மருத்துவர்களின் கை தடித்து வெடித்தது, எல்லோரும் அந்த நெடியை மூச்சில் இழுத்தார்கள். காயங்களைக் காப்பாற்றியது கையிலும் கருவியிலும் கட்டுத் துணியிலும் பட்ட மருந்துதான், காற்றில் பறந்தது இல்லை என்று பிறகு தெரிந்தது. 1890-இல் பெர்லினில் நடந்த மாநாட்டில் லிஸ்டர் எழுந்து, காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல இதைப் பரிந்துரைத்ததற்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். அத்தனை பெரிய மனிதர் அத்தனை பெரிய சபையில் அப்படிச் சொன்னது எனக்கு அவருடைய கண்டுபிடிப்பைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. நம் ஊரில் சுரங்கம் திறந்தபோது ரிப்பன் வெட்டியவர்கள் இருந்தார்கள். மூடியபோது பேசியவர் யாரையும் நான் கேள்விப்படவில்லை.

அறுவை மருத்துவத்தில் ரப்பர் கையுறை வந்த கதையும் இதே காலத்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதைச் செய்யச் சொன்னது கிருமிக்குப் பயந்து இல்லை. அவருடைய செவிலியின் கை கிருமிநாசினியால் புண்ணாகிப் போனது, அதற்காக. தொற்றைத் தடுக்கும் என்பது பின்னால் தெரிந்த லாபம்.

நம் பக்கம் திரும்புவோம். திருவிழாவோ, தேர்தலோ, அமைச்சர் வருகையோ வந்தால் சாலையின் இரு ஓரமும் வெள்ளையாகக் கோடு போடுவார்கள். பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்புமாக, வாசலில் கோலம் போடுவதுபோல. உலர்ந்த பவுடர் மண்மேல் கிடந்தால் அதில் இருக்கிற குளோரினை மண்ணும் குப்பையும் வெயிலும் தின்றுவிடும். அந்தக் கோடு எந்தக் கிருமிக்கும் எழுதிய கடிதம் இல்லை, வருகிற பெரிய மனிதருக்கு எழுதியது.

அதே நாளில், அதே மூட்டையிலிருந்து கொஞ்சம் பவுடரை இன்னொருவர் எடுக்கிறார். அவர் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் என்று கணக்கு. முதலில் சிறு பாத்திரத்தில் குழைப்பார். வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிய விடுவார். வண்டலை விட்டுவிட்டு மேல் தெளிவை மட்டும் மேல்நிலைத் தொட்டியில் ஊற்றுவார். அரை மணி, ஒரு மணி பொறுத்துத்தான் வால்வைத் திறப்பார். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருந்தால் அவர் வேலை சரி. பத்து லட்சத்தில் கால் பங்குகூட இல்லாத அளவு அது. நாக்குக்குத் தெரிந்தும் தெரியாத அந்தக் கொஞ்சம்தான் காலராவையும் டைபாய்டையும் குழாய்க்குள் நுழையவிடாமல் நிறுத்துகிறது. தரை துடைக்கிற கரைசல் இதைவிட ஐம்பதாயிரம் மடங்கு கெட்டி. ஒரே பொருள்தான். தென்காசியிலோ மேலகரத்திலோ யாரும் டேங்க் ஆபரேட்டரின் கையைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்டதில்லை. மருந்து வாடை வந்தால் திட்டத்தான் செய்திருக்கிறோம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழமொழி பாதியைத்தான் சொல்கிறது. அளவுக்குக் குறைந்த நஞ்சு என்ன செய்யும்? கொசுவைக் கொல்லாமல் பழக்கும். டிடிடியை உலகம் முழுக்க அடித்தபோது பல இடங்களில் கொசுக்கள் அதைத் தாங்கப் பழகிக்கொண்டன; பின்னால் வந்த மருந்துகளுக்கும் அதுவே நடக்கிறது. பலவீனமான மருந்தில் பிழைத்த கொசு தன் பிள்ளைகளுக்கு அந்தத் திறமையைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் போகும். கெட்டியாகக் கலந்தால் இன்றைக்கு நம் கண் எரியும். தண்ணீராகக் கலந்தால் பத்து வருடம் கழித்து யாருக்கோ மருந்து கேட்காமல் போகும். முன்னதற்குச் சத்தம் உண்டு என்பதால் அதற்கு மட்டும் பழமொழி இருக்கிறது போலும்.

தண்ணீர் ஊற்றினால் எதுவும் கரைந்து காணாமல் போய்விடும் என்கிற நம்பிக்கை அருவிக்கரைக்காரர்களான எங்களுக்கு இன்னும் அதிகம். எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் தேய்க்கத் தடை என்று அருவியருகே எழுதி வைக்க வேண்டி வந்தது அதனால்தான். ஒருவருடைய ஷாம்பு பேரருவிக்கு ஒன்றுமே இல்லை. ஒரு சீசனில் வருகிறவர்கள் லட்சக்கணக்கில். எல்லாம் சிற்றாற்றில் இறங்கித் தென்காசியைத் தாண்டி, அணைக்கட்டுகளில் தேங்கி, வயலுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. தெருவில் அடித்த மாலத்தியானும் மழை வந்தால் அதே வழிதான். அது மீனுக்கும் தேனீக்கும் கடுமையான நஞ்சு. தேன்கூடுகளால் பெயர் வாங்கிய தேனருவி இதே மலையில் இருக்கிறது.

இப்போது அந்த ஏழு மாதக் கேள்விக்கு வருகிறேன். கொசுவுக்கு ஒரு அளவு உண்டு, 0.1 சதவீதமோ 5 சதவீதமோ, சோதித்து எழுதி வைத்திருக்கிறார்கள். கிருமிக்கு உண்டு, தண்ணீருக்கு உண்டு, தரைக்கு உண்டு. பயத்துக்கு மட்டும் யாரும் அளவு எழுதி வைத்ததில்லை. திருப்பூர்ச் சுரங்கத்தில் கலந்த கரைசல் கிருமிக்காகக் கலந்தது இல்லை. அந்த வாசலில் நின்ற பயத்துக்காகக் கலந்தது. லிஸ்டரின் தெளிப்பானும் அப்படித்தான், காற்று முழுக்க எதிரி என்று நினைத்த ஒரு பயம். பயத்துக்குக் கொடுக்கிற மருந்து எவ்வளவு அடித்தாலும் 'இன்னும் கொஞ்சம்' என்றுதான் கேட்கும். உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் 2020 மார்ச் முடிவில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைச் சாலையில் உட்கார வைத்து ஹைப்போகுளோரைட்டைப் பீய்ச்சினார்கள். பேருந்துகளுக்கு அடிக்கச் சொன்னதை ஆர்வக் கோளாறில் ஆட்கள்மேல் அடித்துவிட்டார்கள் என்று விளக்கம் வந்தது. ஆர்வம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயத்தின் கண்ணில், மூட்டை முடிச்சோடு வந்த மனிதர்களே கிருமியாகத் தெரிந்துவிட்டார்கள்.

ஆகவே நீர்க்கச் செய்வது என்பது குவளையும் வாளியும் வைத்துச் செய்கிற வேலை மட்டும் இல்லை. யாருக்காக, எதன்மேல், எதற்காக இதை ஊற்றுகிறோம் என்று கைக்கு முன்னால் புத்தி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைத்த பிறகுதான் அளவுக்கு அர்த்தம் வருகிறது. தவறான இடத்துக்கு ஊற்றுகிற மருந்தில் எத்தனை பங்கு தண்ணீர் கலந்தாலும் அது பாதுகாப்பாகிவிடாது.

இவ்வளவு பொறுப்பையும் யார் தலையில் வைத்திருக்கிறோம் தெரியுமா? கொசுப் புழு தேடித் தெருத்தெருவாக அலைகிற தற்காலிகப் பணியாளர்கள், நாள் கூலிக்கு வருகிறவர்கள். ஒன்றுக்குப் பத்தொன்பது என்று அளந்து ஊற்றுவது அவர்களில் ஒருவர். இருபது பங்கையும் மிக அருகில் நின்று சுவாசிப்பதும் அவரே.

அடுத்த தடவை புகை இயந்திரம் உங்கள் தெருவுக்கு வரும்போது, கூடுதலாக அடிக்கச் சொல்லாதீர்கள். பிள்ளைகளைப் பின்னால் ஓட விடாதீர்கள். சாப்பாட்டையும் குடிதண்ணீரையும் மூடுங்கள். அடிக்கிறவர் முகத்தில் கவசமும் கையில் உறையும் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் உங்கள் வார்டு உறுப்பினரிடம் உடனே கேளுங்கள், எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது. பிறகு உள்ளே போய்த் தொட்டியையும் டிரம்மையும் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசுவின் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் அந்தச் சுவரில் உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வாரத்துக்கு ஒரு தரம் கழுவினால் போதும்.